சத்தமில்லாத பதினோரு நாள்

என் வீட்டுக்காரர் ராசாங்கத்தின் நெஞ்சுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வரும். டிக், டிக், டிக். பேச்சுக்காகச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தால் உங்களுக்கும் கேட்கும். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தில் ஒரு வால்வைக் கெடுத்து வைத்திருந்தது. அது ஐம்பத்து மூன்றாவது வயதில்தான் தெரிந்தது. போன தை மாதம் திருச்சியில் நெஞ்சைத் திறந்து, பழையதை எடுத்துவிட்டு, செயற்கை வால்வு ஒன்றை வைத்துத் தைத்தார்கள். அது ஒவ்வொரு தடவை மூடும்போதும் சத்தம் போடும். ஒரு நாளைக்கு லட்சம் தடவை மூடுகிறது என்று டாக்டர் பெருமையாகச் சொன்னார். அவருக்கு என்ன, அவரா அதோடு குடித்தனம் நடத்துகிறார்?

ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பிய அன்று டாக்டர் இவரிடம் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். நான் அப்போது காப்பீட்டு அட்டையை ஜெராக்ஸ் எடுக்கக் கீழே போயிருந்தேன். "இந்தச் சத்தம் வர்ற வரைக்கும் பயமில்லை. சத்தம் மங்குனாலோ நின்னாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாம வந்துடுங்க. வால்வுல ரத்தம் உறைஞ்சு அடைச்சிடுச்சுன்னு அர்த்தம். உயிருக்கே ஆபத்து." இவர் நல்ல பிள்ளை போலத் தலையை ஆட்டிவிட்டு வந்திருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு இது பத்து மாதம் கழித்துத்தான் தெரிந்தது. உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் பட்ட பாட்டை நீங்களும் பட வேண்டாம்.

ஏன் சொல்லவில்லை என்றால், அவர் அதை நம்பவில்லை. பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருபத்தாறு வருஷமாக மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அவர் அப்பா காலம் வரைக்கும் அடுத்தவர் வயலில் கூலி வேலைதான். குடும்பத்தில் முதன்முதலில் ஸ்பேனரைத் தொட்டவர் இவர். கிணற்று மோட்டார் எது வந்தாலும் ஓடவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் முனையை அதன் மேல் வைத்து, கைப்பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவார். "முன்பக்க பேரிங்" என்பார். பிரித்துப் பார்த்தால் முன்பக்க பேரிங்தான் போயிருக்கும். அந்தத் தொழிலில் சட்டம் ஒன்றே ஒன்றுதான். சத்தம் போடுகிற மெஷின் கெட்ட மெஷின், சத்தம் தெரியாமல் ஓடுவது நல்ல மெஷின். புது பேரிங் போட்டால் கொஞ்ச நாள் சத்தம் வரும், ஓட ஓட செட் ஆகிவிடும். அப்படிப்பட்ட ஆளிடம் போய் சத்தம் நின்றால் ஆபத்து என்று சொன்னால் மண்டையில் ஏறுமா? டாக்டர் தங்கமான மனிதர், ஆனால் மெஷினைப் பற்றி அவருக்குத் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டார்.

எறையூரில் எங்கள் வீடு சர்க்கரை ஆலைக்குப் பக்கம். அரைவை நடக்கும் மாதங்களில் எங்கள் தெருவில் யாரும் மெதுவாகப் பேசுவதில்லை. ஆலை இரைச்சல் ஒரு பக்கம், கரும்பு டிராக்டர் ஒரு பக்கம். போதாததற்கு நான் வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறவள், இரண்டு கிரைண்டர் ஓடும். அதனால் அவர் ஆபரேஷன் முடிந்து வந்த புதிதில் நெஞ்சுச் சத்தம் பெரிதாகத் தெரியவில்லை. சித்திரையில் அரைவை முடிந்து ஆலை நின்றது. அன்று மத்தியானம் கிரைண்டரையும் நிறுத்திவிட்டு அவருக்குச் சோறு போட உட்கார்ந்தேன். டிக், டிக். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அது ஐந்து மாதமாக பேட்டரி இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னாங்க சத்தம் இது?"

"நாந்தான்," என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டார்.

அன்றிலிருந்து என் வீட்டில் அமைதி என்பது இல்லை. சண்டை போட்டால் அவர் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பார், ஆனால் நெஞ்சு வேகமாக அடிப்பது கேட்டுவிடும். கோபத்தை மறைக்கத் தெரியாத புருஷனோடு சண்டை போடுவதில் ஒரு ருசியும் இல்லை. ஓசூரில் வேலை பார்க்கும் எங்கள் மகன் ரஞ்சித்குமார் போன் பேசினால், "அப்பா பக்கத்துலதான் இருக்காரா?" என்று குரலைத் தாழ்த்துவான். அவனுக்கு அங்கேயே கேட்டுவிடும். படுத்தால் என் காதுக்கும் அந்த நெஞ்சுக்கும் நடுவில் ஒரு முழம்தான். எனக்குத் தூக்கம் போய்விட்டது.

அவருக்கு மட்டும் கூச்சமே இல்லை. கடைக்கு வருகிற விவசாயிகளிடம் சட்டையைத் தட்டிக் காட்டி விளக்கம் சொல்வார். "கெணத்துல ஃபுட் வால்வு கெடக்குல்ல? ஏறுன தண்ணி திரும்பக் கீழ எறங்காம மூடிக்கும்ல? அதைத்தான் இங்க வச்சிருக்காங்க." டாக்டர் படம் போட்டு அரை மணி நேரம் சொல்லி எனக்குப் புரியாதது அவர்களுக்கு உடனே புரிந்துவிடும். ஒருவர் எத்தனை இஞ்சு என்று கேட்டாராம்.

ஆடி மாதம் திருமழபாடியில் என் தாய்மாமன் செல்லக்கண்ணு இறந்துபோனார். எண்பத்தொரு வயது. எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் இரண்டு மாதம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு அப்புறம் பேசிவிடுவார்கள். சாவுக்குப் போகாவிட்டால் உறவே அறுந்துவிடும். இருவரும் போனோம்.

கொள்ளிடக் கரைக்கு எடுத்துப் போகும் நேரம். ஐஸ் பெட்டியிலிருந்து மாமாவை எடுத்து வாசலில் கிடத்தியிருந்தார்கள். மேளக்காரர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். மாமாவின் மகள் கலைமணி அப்பாவின் நெஞ்சில் முகத்தை வைத்து அழுது அழுது, குரல் போய், அப்படியே கிடந்தாள். இவர் மாலை போடக் குனிந்தார். இவர் நெஞ்சு சரியாக அவள் காதுக்கு மேலே வந்து நின்றது.

கலைமணி தலையைத் தூக்கினாள். மறுபடியும் வைத்துக் கேட்டாள்.

"எங்கப்பாவுக்கு நெஞ்சு அடிக்குது!"

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்வது கஷ்டம். ஒருத்தி மாமாவின் தாடையைச் சுற்றியிருந்த நாடிக்கட்டை அவிழ்த்தாள். ஒருவர் நூற்றியெட்டுக்குப் போன் போட்டார். என் தம்பி தமிழ்மாறன் மாமாவின் உள்ளங்காலைச் சூடு பறக்கத் தேய்த்தான். கூட்டத்தில் நாலைந்து பேர் குனிந்து கேட்டுவிட்டு, ஆமாம் ஆமாம் கேட்கிறது என்றார்கள். இவர் மாலையும் கையுமாக அதே இடத்தில் நின்றார், கேட்காமல் என்ன செய்யும்? ஆம்புலன்ஸில் வந்த ஆள் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, உயிர் போய் ஒரு நாள் ஆகிறது என்றார்.

"அப்ப சத்தம் கேக்குதே சார்?" என்றாள் கலைமணி.

அவருக்கும் கேட்டது. நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தார்.

"அது நாந்தாங்க," என்றார் இவர்.

கலைமணி அதற்கப்புறம் அழுத அழுகையை நான் வேடிக்கையாகச் சொல்ல மாட்டேன். "எங்கப்பாவை ரெண்டு தடவ சாவடிச்சிட்டீங்களே அண்ணே," என்றாள். எனக்குப் பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பஸ் ஏற்றிவிட வந்த தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, கோவிச்சுக்காத. இனிமே எழவு வூட்டுக்கு மாமாவை அழைச்சிட்டு வராத. நீ மட்டும் வா," என்றான்.

அடுத்தடுத்து மூன்று சாவு வந்தது. மூன்றிலும் இவர் தெருமுனை டீக்கடையோடு நின்றுகொண்டார். "நமக்கென்ன நட்டம்? நெழல்ல நிக்கிறேன்," என்றார். இந்த ஆளுக்கு எதுவுமே உறைக்காது என்று நினைத்தேன். எனக்குத்தான் மானம் போனது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு பனியன் போட்டுவிட்டேன். துண்டை நாலாக மடித்து நெஞ்சில் வைத்து மேலே சட்டையை மாட்டினேன். வேர்க்குரு வந்ததுதான் மிச்சம். கடைசியில் குலதெய்வத்திடம் போய், சாமி, இந்தச் சத்தத்தை மட்டும் நிறுத்திக் கொடு, உனக்குப் பொங்கல் வைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். வார்த்தைக்கு வார்த்தை அப்படித்தான் வேண்டினேன். சாமியாவது கொஞ்சம் யோசித்திருக்கலாம்.

இங்கே கீரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த வால்வு வைத்தவர்கள் ரத்தம் உறையாமலிருக்கத் தினமும் மாத்திரை போட வேண்டும். மாதம் ஒரு தடவை லேபில் ரத்தம் கொடுத்து, மாத்திரை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். கீரையைத் திடீரென்று அதிகம் தின்றால் மாத்திரை வேலை செய்யாது, எப்போதும் ஒரே அளவாகச் சாப்பிடுங்கள் என்று சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். நான் அதைப் படித்து, வாரத்துக்கு ஒரு நாள்தான் கீரை வைத்தேன். அரும்பாவூரில் இருக்கும் அவருடைய அக்கா இருசம்மாள் எந்தச் சீட்டையும் படிக்கவில்லை. தம்பி இளைத்துவிட்டான் என்று அவளுக்குக் கவலை. புரட்டாசி ஒன்றாம் தேதியிலிருந்து தினமும் முருங்கைக்கீரையை உருவிப் பையில் போட்டு, காலை பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டாள். பை நேராகக் கடைக்குப் போகும். பக்கத்து மெஸ்ஸில் அதை வதக்கிக் கொடுப்பார்கள். இவர் மத்தியானம் ஒரு சட்டிக் கீரையைத் தின்றுவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். அக்கா கொடுத்துவிட்டதைப் பொண்டாட்டியிடம் சொன்னால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியாதா? லேபுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். "மாசாமாசம் அதே நம்பரைச் சொல்றதுக்கு எதுக்கு ஒரு ஊசி?" என்றார்.

ஐப்பசியில் ஒரு நாள் காலை கரண்ட் இல்லை. கிரைண்டர் நின்றிருந்தது. அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். வீட்டில் என்னமோ குறைகிறதே என்று கொஞ்ச நேரம் யோசித்துப் பார்த்தேன். அப்புறம் அவர் பக்கத்தில் போய்ச் சட்டைமேல் காதை வைத்தேன். உள்ளே என்னவோ பொத்துப் பொத்தென்று இருந்தது. டிக் இல்லை.

"ஏங்க, சத்தம் கொறஞ்சிருக்குங்க!"

"செட் ஆயிடுச்சு," என்றார். "பத்து மாசம் ஓடியிருக்குல்ல. நான் அன்னைக்கே நெனச்சேன்."

இருசம்மாள் அண்ணிக்குப் போன் போட்டேன். அவளும் வேண்டிக்கொண்டிருந்தாளாம், தன் சாமிதான் நிறுத்திக் கொடுத்தது என்றாள். நான் என் சாமி என்றேன். அவர் பேரிங் என்றார். அதற்காகச் சண்டை வரவில்லை, மூன்று பேருமே சந்தோஷமாக இருந்தோம். நான் ஆறு மாதம் கழித்து அசந்து தூங்கினேன். ஒரு நாள் இல்லை, பதினோரு நாள். அந்தத் தூக்கத்தை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

ஏழாம் நாள் அரியலூரில் என் சித்தி பூங்காவனம் தவறிப்போனார். இவரையும் அழைத்துப் போனேன், வேண்டுமென்றே அழைத்துப் போனேன். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் முதல் வரிசையில் உட்காரவைத்தேன். கலைமணி வந்தாள். இவரைப் பார்த்ததும் நின்றாள். அப்புறம் மெதுவாகப் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் காது கொடுத்துவிட்டு, "டீ குடிச்சீங்களா அண்ணே?" என்று கேட்டாள்.

"சரியாப் போயிடுச்சா மாமா?" என்றான் தமிழ்மாறன்.

"ஆயிடுச்சு மாப்ள."

எனக்குச் சித்தி செத்த துக்கத்தையும் மீறி ஒரு பெருமை. இவரும் மற்ற ஆம்பளைகளோடு பாடையின் பின்னால் நடந்தார். சுடுகாட்டுக்கு அரைக் கிலோமீட்டர்கூட இருக்காது, மூன்று இடத்தில் நின்று, மரத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாராம். சின்ன மாமியார் மேல் மனுஷனுக்கு எவ்வளவு பாசம் பாரு என்று பேசிக்கொண்டார்கள். என் தம்பி அதை என்னிடம் வந்து சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது.

வீட்டுக்கு வந்த பிறகு செருப்பு சின்னதாகிவிட்டது என்றார். அடுத்த நாள் ஒரு சைஸ் பெரிதாக வாங்கி வந்தார். கால் வீங்கியிருக்கிறது என்று நான் பார்த்தேன். பார்த்துவிட்டு, அரியலூர் போய் வந்த அலைச்சல் என்று நானே சொல்லிக்கொண்டேன். கேட்டு வாங்கிய வரம் கையில் இருக்கும்போது யார்தான் காலைப் பார்ப்பார்கள்?

பதினோராம் நாள் உளுந்து வாங்கப் பெரம்பலூர் போனேன். கடைத்தெருவில் ஆர்த்தி எதிரே வந்தாள். லேபில் இவருக்கு மாதாமாதம் ரத்தம் எடுக்கிற பெண்.

"என்னக்கா, சாரை ரெண்டு மாசமா ஆளையே காணோம்? அவரு சத்தம் இல்லாம எங்க லேபே போரடிக்குது," என்றாள்.

"இப்பல்லாம் சத்தமே இல்லம்மா," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். "சுத்தமா நின்னுடுச்சு. ஆச்சு பத்து, பதினோரு நாளு."

ஆர்த்தியின் முகம் மாறியது. என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"அக்கா, சத்தம் நின்னா ஒடனே வரணும்னு ஆஸ்பத்திரியில சொல்லலயா? அந்த வால்வு வச்சவங்க எல்லாருக்கும் சொல்லுவாங்களே. அது அடைச்சிக்கிட்டா சத்தம் வராதுக்கா. சாருக்கு மூச்சு வாங்குதா? காலு வீங்கியிருக்கா?"

உளுந்து மூட்டையை அங்கேயே போட்டுவிட்டு ஆட்டோவில் ஏறினேன். எப்படி ஏறினேன் என்று தெரியாது.

அவர் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து, பாதி கட்டிய காயிலைக் கையில் வைத்திருந்தார். கட்டவில்லை, சும்மா வைத்திருந்தார். வாய் திறந்திருந்தது.

"சத்தம் நின்னா வரச் சொல்லி டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"சொன்னாரு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அவரு தப்பா சொன்னாரு. அதை எதுக்கு ஒங்கிட்ட சொல்லிக்கிட்டு?"

நான் கத்தினேன். பக்கத்து மெஸ்காரர் எட்டிப் பார்த்தார். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்று கையைப் பிடித்து இழுத்தேன், காலில்கூட விழுந்தேன். "நல்லா ஓடுற மோட்டாரை... எவனாச்சும்... பிரிப்பானா?" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு மூன்று தடவை மூச்சு இழுத்தார். இந்த மனிதன் இந்த ஸ்டூலிலேயே என் கண் முன்னால் செத்துப்போவான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பொண்டாட்டி பேச்சு இருபத்தெட்டு வருஷமாக அவர் காதில் ஏறியதில்லை. யார் பேச்சு ஏறும் என்று யோசித்தேன்.

"சரிங்க. நான் ஒங்க பொண்டாட்டி இல்ல. மோட்டார் ரிப்பேருன்னு வந்த ஆளு. எங்க கெணத்துல மோட்டாரை நிறுத்துனா ஃபுட் வால்வு மூடுற சத்தம் கேக்கும்ல, அது இப்பக் கேக்கல. மோட்டார் ஓடுது, தண்ணி பாதிதான் ஏறுது. என்னா கோளாறு?"

தொழில் என்று வந்துவிட்டால் எதிரே நிற்பது யார் என்று அவர் பார்க்க மாட்டார்.

"வால்வுல குப்பை சிக்கியிருக்கும். கதவு ஒட்டிக்கிட்டு மூட மாட்டேங்குது. அப்படியே ஓட்டாதீங்க."

"ஓட்டுனா?"

"காயில் எரிஞ்சிடும்," என்றார்.

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தார். காயிலைக் கீழே வைத்தார்.

"சட்டையை எடு," என்றார்.

திருச்சிக்குக் காரில் போனோம். வழி முழுக்க நான் அவர் நெஞ்சிலிருந்து காதை எடுக்கவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்தார். பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் திரையில் வால்வைக் காட்டினார். இரண்டு சின்னக் கதவு. ஒன்று திறந்து மூடியது. இன்னொன்று அசையாமல் நின்றது. இன்னும் ஒன்றிரண்டு நாள் விட்டிருந்தால் ஆளையே கொண்டுவந்திருக்க முடியாது என்றார். கட்டியைக் கரைக்க மருந்து ஏற்ற வேண்டும், கரைந்தால் பிழைப்பார், ஆனால் அந்த மருந்தால் மூளையில் ரத்தம் கசியவும் வாய்ப்பு உண்டு, சம்மதமா என்று கேட்டார். கையெழுத்துப் போட்டேன். பேனா எழுதவில்லை. நர்ஸ் வேறு பேனா கொடுத்தார்.

மாலையில் இருசம்மாள் அண்ணி அரும்பாவூரிலிருந்து வந்து சேர்ந்தாள். கையில் தூக்குவாளி. திறந்து பார்த்தால் முருங்கைக்கீரை. "ஒரு மாசமா இதைத் தின்னுதான் தெம்பா இருந்தான், ஒரு வாயி ஊட்டிட்டு வந்துடுறேன்," என்றாள். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பையிலிருந்து எடுத்து அவளுக்கு வாசித்துக் காட்டினேன். முழுசாக முடிக்கவில்லை, அவள் தூக்குவாளியை வைத்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். திட்டுவதற்கு எனக்கு வாய் வரை வந்தது. அவள் தம்பி தேற வேண்டும் என்று கீரை கொடுத்தவள். நான் சத்தம் நிற்க வேண்டும் என்று சாமியைக் கேட்டவள். யார் யாரைத் திட்டுவது? பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலை ஐ.சி.யூ.வுக்குள் என்னை விட்டார்கள். கட்டி கரைந்துவிட்டது, இரண்டு கதவும் வேலை செய்கிறது என்று டாக்டர் சொன்னார். அவர் நெஞ்சு டிக், டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது. அத்தனை மெஷின் இரைச்சலிலும் எனக்கு அது தனியாகக் கேட்டது.

"சத்தம் இல்லாம எத்தனை நாள் இருந்தீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ரெண்டு நாள் இருக்கும் சார்," என்றார் இவர்.

"பதினோரு நாள் சார்," என்றேன். "எனக்கு மொத நாளே தெரியும். நானே காதை வச்சுக் கேட்டேன். சத்தம் இல்லன்னு நிம்மதியா இருந்தேன் சார்."

டாக்டர் அதைச் சீட்டில் எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். எனக்கு அழுகை நிற்கவில்லை. நர்ஸ் முறைத்தார். அப்படியும் நிற்கவில்லை.

"நானுந்தான்," என்றார் அவர்.

"என்னாது?"

"எனக்கும் நிம்மதியாத்தான் இருந்துச்சு." கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "டாக்டர் சொன்னது மறக்கல சுமதி. செட் ஆயிடுச்சுன்னு நெனச்சுக்கணும்போல இருந்துச்சு. பத்து மாசமா ஒவ்வொரு தடவ அது அடிச்சதும், அடுத்தது வருமான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். கடையில, பஸ்ல, சோறு திங்கிறப்ப. அந்தப் பதினோரு நாளுதான் பாக்காம இருந்தேன்."

இந்த ஆளுக்கு எதுவுமே உறைக்காது என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். பக்கத்திலேயே படுத்திருந்தேன், எனக்குத் தூக்கம் வரவில்லை என்றுதான் கவலைப்பட்டேன். கட்டிலில் கிடந்த அவர் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன்.

டிக் என்றது.

இரண்டு பேரும் சேர்ந்து, வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். அடுத்தது வந்தது.